சர்மிளாவின் போனுக்கு ராக்காயியின் ரீலோட்

ஞாயிற்றுக்கிழமை என்றால் பொகவந்தலாவையிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸில் ராக்காயி இருப்பாள். ஐம்பத்தாறு வயது. ஆறு நாளும் மலை ஏறித் தேயிலைக் கொழுந்தெடுத்து வீங்கிய முழங்கால். அவள் போவது கினிகத்தேனையில் தையல்கடை வைத்திருக்கும் சர்மிளாவிடம். தைக்கக் கொடுக்க ஒரு துண்டுத் துணியும் கையில் கிடையாது. சர்மிளாவின் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் இத்தனை பாடு.

அந்த நம்பர் முன்பு ராக்காயியுடையது. ஒரே மகள் லோஜினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், ஞாயிறுதோறும் அதில்தான் பேசுவாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பரும் அது ஒன்றுதான்.

"அம்மா, வேற வீட்டுக்கு மாத்துறாங்க. போனையும் வாங்கிட்டாங்க. ஒரு வருசத்துக்குப் பேச முடியாதும்மா. நம்பர மட்டும் பத்திரமா வச்சுக்கங்க" என்று கடைசியாகச் சொன்னாள்.

பத்திரமாகத்தான் வைத்தாள், பாவி மனுசி! மழையில் நனைந்தால் கெட்டுவிடுமென்று சிம்மைக் கழற்றித் துணியில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் திருநீற்று டப்பாவில் வைத்தாள். காசு கட்டி ரீலோட் போடாத நம்பர் செத்துப்போகும், அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அந்தத் தோட்டத்து லய வீடுகளில் ஒருத்தராவது சொன்னார்களா? வருசம் முடிந்து சிம்மை எடுத்துப் போட்டால் சிக்னலே இல்லை. பக்கத்து வீட்டுப் போனை வாங்கித் தன் நம்பரைத் தானே அழுத்தினாள். சர்மிளா எடுத்தாள். இது தன் பழைய நம்பர், மகள் இதில்தான் பேசுவாள் என்று ராக்காயி சொன்னாள்.

"ஐயோ, அந்தப் புள்ளயோட அம்மா நீங்கதானா? போன வாரந்தான் கோல் எடுத்துச்சுங்க. 'அம்மா'ன்னு ஒரே அழுக. ராங் நம்பருன்னு வச்சிட்டேன். திரும்பவும் ரெண்டு தடவ வந்துச்சு, கட் பண்ணிட்டேன். எந்த நம்பருன்னும் விழலம்மா."

அன்று அழுத அழுகைக்கு லயமே கூடிவிட்டது. மகளை அனுப்பிவைத்த ஏஜென்டும் கடையைப் பூட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டான். இனி அந்த நம்பர் ஒன்றுதான் வழி. ராக்காயியின் புது நம்பரைச் சர்மிளா மெஷினுக்கு நேரே சுவரில் எழுதி வைத்திருக்கிறாள். ஆனாலும் பெற்ற மனம் கேட்கவில்லை. வேற்றுக் குரல் கேட்டால் பிள்ளை பயந்து வைத்துவிடுவாளே!

பதினோரு மாதமாயிற்று. போன் அடிக்கும்போதெல்லாம் ராக்காயி எழுந்து நிற்பாள். சட்டை தைத்தாயிற்றா என்று யாராவது கேட்பார்கள். திரும்ப உட்காருவாள்.

போன ஞாயிறு பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கேட்டாள்.

"கடையில சொல்லி ரீலோட் போட்டேன் தாயி. வந்துச்சா?"

"என் போனுக்கு நான் போட மாட்டனாம்மா?"

"நீ மறந்துருவ. எந்தத் தேதி வரைக்கும் உசுரோட இருக்குமாம்?"

சர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேதியை வாசித்தாள். ராக்காயி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.