மூன்று சிவப்புக் கழுத்துப்பட்டைகள்

துரைசானி இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தோடு நாங்கள் குடியிருந்தோம்.

காக்ஸ் டவுன் பக்கம் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. நான் தோட்டக்காரன். பின்னால் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று எனக்கும் என் பெண்சாதிக்கும். வழியில் எந்தப் பிராணியைப் பாவமாகப் பார்த்தாலும் துரைசானி கூட்டி வந்துவிடுவார். பங்களாவுக்குள் விட்டால் விரிப்பு பாழாகும். ஆகவே எங்கள் அறை.

முதலில் ஒரு நாய். சந்தையில் கல்லடிபட்டுக் கிடந்தது. இங்கிலீஷில் பெயர் வைத்தார். என் வாயில் நுழையவில்லை. நாயே என்றேன். அதற்கும் வந்தது. அதற்குத் தினம் கறிச்சோறு என்று சமையற்காரருக்கு உத்தரவு. எங்களுக்கு ராகிக் களி. நாய் கறிச்சோற்றை முகர்ந்துவிட்டு எங்கள் களிப் பக்கம் வந்து உட்காரும். கறிச்சோறு வீணாகவில்லை.

பிறகு ஒற்றைக்கண் பூனை. என் பெண்சாதியின் முறத்தில்தான் படுக்கும். அரிசி புடைக்க வேண்டுமானால் அது எழுந்திருக்கும்வரை அவள் காத்திருப்பாள்.

மூன்றாவது, டோபியின் கழுதை. அதன் முதுகில் புண்ணைப் பார்த்து, நடுரோட்டில் டோபியைத் திட்டி, அவிழ்த்து வந்துவிட்டார். அன்றிலிருந்து டோபி மூட்டையைத் தன் தலையில் சுமந்தான். மூட்டையில் பாதி துரைசானி வீட்டுத் துணி. கழுதை மழைக்காலத்தில் தலையை மட்டும் எங்கள் அறைக்குள் நீட்டி நிற்கும். புல் வைக்கத் தாமதமானால் கத்தும். "எனக்கு மாமியார் இல்லாத குறை தீர்ந்துச்சு" என்றாள் பெண்சாதி.

மூன்றுக்கும் சிவப்புத் தோலில் கழுத்துப்பட்டை செய்யச் சொன்னார், பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டி. கழுதைக்கு அளவெடுத்தபோது செருப்புத் தைப்பவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வியாழக்கிழமைதோறும் மற்ற துரைசானிகள் டீ குடிக்க வருவார்கள். அன்று மட்டும் மூன்றும் குளித்து, பட்டை கட்டி, புல்தரையில் நிற்கும். கையுறையைக் கழற்றாமல் தடவிக் கொடுப்பார்கள். துரைசானி எத்தனை நல்லவர் என்று பேசிக்கொள்வார்கள். குளிப்பாட்டிய என் பெண்சாதி வாழைமரத்துக்குப் பின்னால் ஈரப் புடவையோடு நிற்பாள்.

மூன்று வருஷம் இப்படி. பிறகு துரை சீமைக்குத் திரும்ப உத்தரவு வந்தது. எனக்கு அடுத்த வேலை வேண்டும். போகிற துரைசானி 'கேரக்டர்' என்று நடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தால்தான் இன்னொரு பங்களாவில் கேட் திறப்பார்கள். அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தேன்.

வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"நான் போனா இந்த மூணுக்கும் யாரும் இல்லை. கஷ்டப்படும். நீ மாட்டாஸ்பத்திரி கொண்டு போ. ஊசி போடும். வலி இல்லை."

"நாங்க பாத்துக்கறோம்மா."

"நீயா?" சிரித்துவிட்டார். "உனக்குப் பிராணி தெரியாது."

ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். ஞாபகத்துக்கு மூன்று பட்டைகளையும் கொண்டு வரவேண்டும், அப்புறம் கேரக்டர் தருவதாகச் சொன்னார்.

பெண்சாதியிடம் சொன்னேன். அவள் முறத்திலிருந்து பூனையைத் தூக்கினாள். "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஊசி எழுதலையே, அந்த மட்டும் சந்தோசம்" என்றாள்.

காகிதம் இல்லாவிட்டால் சோறு இல்லை. நடந்தேன். கழுதையைப் பிடித்திருந்தேன், கூடையில் பூனை, நாய் தானாக வந்தது. ஆஸ்பத்திரி கேட்டில் கழுதை நின்றது. கழுதை என்றால் நிற்கும். நானும் நின்றேன்.

அங்கிருந்து டோபி வீட்டுக்குப் போனேன். பட்டையைக் கழற்றிக் கழுதையைக் கொடுத்தேன். டோபி சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னாண்ணே, மாப்பிள்ளையாட்டம் கொழுக்க வெச்சிருக்கீங்க. இனிமே இது மூட்டை தூக்குமா?"

பூனையையும் நாயையும் ஆஸ்டின் டவுனில் மச்சினி வீட்டில் விட்டேன். நாயைக் கயிற்றால் கட்டினேன்.

மூன்று பட்டைகளையும் துரைசானியிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வலித்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை. காகிதம் கைக்கு வந்தது.

கிளம்பும் நாள் பெட்டி தூக்கக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். கூட்டத்துக்குள் ஏதோ காலில் இடித்தது. நாய். கழுத்தில் கடித்த கயிறு தொங்கியது. நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். துரைசானி அடையாளம் கண்டால் காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போடுவார்.

பக்கத்தில் வந்தார். நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது.

"பாவம், தெருநாய்" என்றார். "கழுத்துல பட்டைகூட இல்லை. நீ இதை உதைக்கக் கூடாது."

"சரிம்மா."

ரயில் போயிற்று.

காகிதத்தை வேதக்கோயில் உபதேசியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நேர்மையானவன், சொன்னதைச் செய்வான், பிராணிகளிடம் மட்டும் இரக்கம் கிடையாது என்று எழுதியிருந்ததாம். உபதேசியார் என் காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.

அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் அடுத்த பங்களாவில் சேர்ந்தேன். அந்தத் துரைக்கு நாய் என்றால் ஆகாது. கடைசி வரியைப் படித்ததும் வேலையைக் கொடுத்துவிட்டார்.