எதிர்ப்பக்கத்துச் சுத்தியல்

இதைப் படித்துவிட்டு “வோட்கா பேசுது” என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்று நான் குடித்தது கறுப்பு டீ மட்டும். நடந்தது ராத்திரியிலும் இல்லை. காலை பத்து மணி. முப்பது வயசுக்கு மேல் மாலைப் பள்ளியில் எழுத்துக் கூட்டியவன் நான். கதை கட்ட வராது.

ஊர் ஸபைகால்ஸ்க். சீன எல்லைக்கு முன்னால் சோவியத்தின் கடைசி ஸ்டேஷன். முதலில் இதற்குப் பெயரே கிடையாது. எண்பத்தாறாம் நம்பர் நிறுத்தம், அவ்வளவுதான். பிறகு ‘ஒட்போர்’ என்று வைத்தார்கள். எதிர்த்து விரட்டுவது என்று அர்த்தம். சீனாவோடு நட்பானதும், இந்தப் பெயரோடு எப்படி விருந்துக்குக் கூப்பிடுவது என்று அதையும் மாற்றினார்கள். பெயர் பழகுவதற்குள் நட்பு போய்விட்டது. சீனத் தண்டவாளம் குறுகல். அதனால் எங்கள் கொட்டகையில் பெட்டிகளைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் மாற்றுவோம். ஓயாமல் நடந்த வேலை அது. 1968 குளிர்காலத்தில் கொட்டகை பெரும்பாலும் சும்மா கிடந்தது. மரமில்லாத புல்வெளி. கம்பி வேலி. காற்று. நடுவில் நாங்கள் கொஞ்சம் பேர்.

என் வேலை சக்கரம் தட்டுவது. ரயில் வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்ட வேண்டும். ‘டங்’ என்றால் நல்ல சக்கரம். ‘டொக்’ என்றால் விரிசல். ரயிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தட்டும்போது பேசக் கூடாது. எனக்கு எதிர்ப்பக்கம் எப்போதும் சோக்தோ. புரியாத் என்ற மங்கோலிய இனத்துக்காரன். மனைவி போனபின் எனக்கிருந்த ஒரே துணை அவனுடைய ‘டங்’ சத்தம்தான்.

சித்தா நகரத்தில் மகள் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பினேன். “இங்கேயே இருந்துடுங்கப்பா” என்றாள் மகள். கேட்கவில்லை. ஸ்டேஷன் அறையில் வேலை பிரித்துக் கொடுக்கும் ராயா மட்டும் இருந்தாள்.

“ஸகார் மாமா, இன்னிக்கு ரெண்டு பக்கமும் நீங்கதான் தட்டணும்.”

“ரெண்டு சம்பளம் தருவியா?”

“ரெண்டு டீ தர்றேன். சோக்தோ ஆஸ்பத்திரியில கெடக்கார். கால் விரல் பனியில கருகிப்போச்சு. குடிச்சுட்டு வெளிய விழுந்துட்டாராம்.”

“அவன் உப்புப் போட்ட பால் டீயத் தவிர எதையும் தொடமாட்டானே!”

“அப்ப அதைக் குடிச்சுட்டுதான் விழுந்திருக்கார்.” சிரித்தாள்.

வெளியே மைனஸ் நாற்பத்து மூன்று. உறைபனி மூட்டம். நீட்டிய கை தெரியவில்லை. சரக்கு ரயில் ஒரு கறுப்புச் சுவர் மாதிரி நின்றது. எஞ்சின் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

டங்.

நாலாவது பெட்டி தாண்டியிருப்பேன். எதிர்ப்பக்கமிருந்து... டங்.

ராயா யாரையோ அனுப்பிவிட்டாள் போல. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. நான் தட்டினால் அந்தப் பக்கமும் தட்டியது. நான் நின்றால் நின்றது. யாரோ என்னோடு கூட நடக்கிறார்கள்... அது போதும் எனக்கு.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு சத்தம் சேர்ந்தது. முதல் சுத்தியலுக்குப் பின்னால். தயங்கித் தயங்கி விழுந்தது. புதுக் கை.

ஒரு பக்கத்துக்கு எதற்கு இரண்டு பேர்?

“யாருப்பா அது?” என்றேன்.

பூட்ஸ் சத்தம்கூட இல்லை. அந்தக் குளிரில் பனி நறநறக்க வேண்டும். என் காலடியில் மட்டும்தான் நறநறத்தது.

டங்... டங்.

தொடர்ந்து நடந்தேன். ரயில் முடியவே இல்லை. இவ்வளவு நீளமா?

கையுறையைக் கழற்றினேன். அச்சு சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது வழக்கம். முதலில் சக்கரத்தைத் தட்டினேன். டங் என்று கேட்டது. கை அதிர்ந்தது.

அதே இடத்தில் கை வைத்தேன்.

ஒன்றுமில்லை.

இரும்பு இல்லை. ரயில் இல்லை. காலுக்குக் கீழே தண்டவாளம் இல்லை. புல்...

அப்போது எஞ்சின் ஊதியது. எனக்குப் பின்னால். வெகு தூரத்தில்.

திரும்பினேன்.

டங். முதுகுக்குப் பின்னால். கூப்பிடுகிற மாதிரி.

சொன்னால் வெட்கம். கால் ஒரு கணம் அந்தப் பக்கமே போகப் பார்த்தது. ஊதல் வந்த திசையில் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

ராயா என் கையைப் பார்த்துப் பதறினாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

“அந்தப் பக்கம் யாரை அனுப்பின?”

“யார் இருக்கா அனுப்ப? சோக்தோவுக்குப் பதிலா போர்ஸ்யாவிலேருந்து எஃபீம்னு ஒருத்தன் வந்தான். நாலாம் நாளே சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். இந்த ஊர்ல யார் தங்குவா?”

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலோடு சோக்தோ சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் சொல்வதற்கு முன்பே திரும்பினான். என் கையை மட்டும் பார்த்தான்.

“உனக்கும் கேட்டுச்சாடா?”

“ம்.”

“எத்தனை சுத்தி?”

“ரெண்டு.”

மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு” என்றான்.

சாயங்காலம் போர்ஸ்யா ரயிலில் ஒரு பெண் இறங்கினாள். கையில் புதுக் கம்பளி பூட்ஸ். பிளாட்பாரத்தில் நான் மட்டும் நின்றிருந்தேன்.

“அண்ணே, நான் எஃபீம் சம்சாரம். அவரு வீட்டுக்கு வந்து சேரவே இல்ல. இன்னும் இங்கதானே வேலை பாக்குறாரு?”

இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.