படத்தில் வந்த மணல்பாதை

எந்த வருடம் என்பதில் எனக்குச் சிறு தடுமாற்றம் உண்டு. ஐம்பத்து நான்காக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். ஆனால் சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, அமாவாசைக்கு மறுநாள் என்பது உறுதி. முந்தின நாள் படைத்த வடைகளைத்தான் வழிக்குக் கட்டிக்கொண்டோம்.

அப்போது ஓடிய ஒரு படத்தில் கதாநாயகனும் நாயகியும் பாடிக்கொண்டே ஒரு மணல்பாதையில் நடந்துபோவார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. அது எண்ணூர் முகத்துவாரம் என்று தெரிந்ததும் எங்கள் ராயபுரமே ஞாயிறுதோறும் கட்டுச்சோற்றுடன் அங்கே கிளம்பியது. அப்பாவின் தங்கையான என் அத்தை அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருந்தாள். திருவொற்றியூர்வரை பஸ், அங்கிருந்து கடலோரமாக நடை. அத்தை முன்னால், ஒன்பது வயதான நான் நடுவில், வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி அப்பா வெகுதூரம் பின்னால்.

பாதை படத்தில் பார்த்தபடியே இருந்தது. அங்கே கறுப்பு வெள்ளையாக இருந்த மணல் இங்கே மஞ்சளாக இருந்தது ஒன்றுதான் குறை. அத்தை நாயகியைப் போல முந்தானையைக் காற்றில் விட்டு, எதையும் கவனியாமல் அக்கரைக்கே போய்விட்டாள். பின்னால் போகும்போதுதான் நான் அதைக் கண்டேன். இருபது முப்பது மீனவர்கள் மண்வெட்டிகளோடு அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் ஒரு சிறு வரப்புதான் பாக்கி. கண்ணெதிரே யாரோ சாமி சிலையை உடைப்பதுபோல் இருந்தது எனக்கு.

"பாதையை ஏன் உடைக்கிறீங்க?"

தலையில் துண்டு கட்டி மற்றவர்களை ஏவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். "இது ஆத்தோட வாய், பாப்பா. மூணு மாசமா மண்ணு அடைச்சிகினு கீது. கடல் தண்ணி உள்ள வந்தாத்தான் எறா வரும். எறா இல்லாம எங்க வூட்ல அடுப்பு எரியல." அக்கரையைக் காட்டினார். "அந்தாண்ட நிக்கிறது உங்க அக்காவா?"

"அத்தை."

"ஓடிப்போய் இட்டுகினு வா. கடல் வத்திகினு கீது. இப்போ ஒடச்சிவுட்டாத்தான் ஆறு அறுத்துகினு ஓடும். நேரம் தப்பிச்சின்னா வெட்டுன பள்ளம் பூரா மூடிக்கும்."

"சினிமா பார்ட்டி மாமு," என்றான் ஓர் இளைஞன். "பாட்டு முடிஞ்சாத்தான் வரும்." எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அந்த வரப்பின் மேலாக அக்கரைக்கு ஓடினேன். ஓடும்போதே ஒரு யோசனை வந்தது. அத்தை அக்கரையில் இருக்கும்வரை இவர்கள் உடைக்க மாட்டார்கள். நேரம் தப்பினால் பள்ளம் மூடிக்கொள்ளும் என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் பாதை பிழைக்கும். நான் அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிளிஞ்சல் பொறுக்கலாம் என்று அவளை இன்னும் தள்ளி அழைத்துப்போனேன்.

கால் மணி நேரம் கழித்துக் காற்றில் கூப்பாடு கேட்டது. அவர்கள் உடைக்கவில்லை, எங்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். ஆறு காத்திருக்கவில்லை. வரப்பின் மேல் தண்ணீர் வழியத் தொடங்கியதைப் பார்த்த அத்தை என் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். எதிரில் கை நீட்டியவரிடம் என்னைத் தூக்கி எறிந்தாள். அவள் நின்ற மணல் அப்படியே கரைந்தது. அத்தை இருந்தாள், அடுத்த கணம் இல்லை. கலங்கிய நீரில் முந்தானை மட்டும் ஒருமுறை சுழன்றது.

மூன்று பேர் குதித்தார்கள். அலை வாயில் தலைமுடியைப் பிடித்துத்தான் அவளை மீட்டார்கள். நீரைக் கக்கிக்கொண்டு அவள் மணலில் கிடக்க, துண்டு கட்டியவர் என் பக்கம் திரும்பினார்.

"சொன்னியா இல்லியா, பாப்பா?"

நான் அத்தையைப் பார்த்தேன்.

"சொன்னா," என்றாள் அத்தை. "நான்தான் கேக்கல."

அப்பா ஓடி வந்து சேர்ந்தபோது ஆறு ஒரு தென்னைமர நீளத்துக்கு அகன்று கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. குப்பத்துப் பெண்கள் கரையில் நின்று குலவையிட்டார்கள். அத்தை சாகப் பார்த்த தண்ணீரைக் கையில் அள்ளிக் குழந்தைகளின் தலையில் தெளித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வழிநெடுக அப்பாவிடம் ஒன்றையே கேட்டேன்: பாதையை உடைத்தவர்களைப் போலீஸ் பிடிக்காதா?

அத்தை ஈரப் புடவையோடு என் கையை விடாமல் பிடித்தபடி நடந்தாள். அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன். அப்போது உச்சி வெயில். மணலில் கால் வைக்க முடியவில்லை.