கொசுறுக்கு ஒரு சொல்

பொன்னழகு அக்கா திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்துக்கு வந்தது ஒரு மாசி மாதத்து மத்தியானம். அங்கே நான் பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வகுப்பறைக் கதவில் என் பெயரோடு பி.காம். என்று எழுதிய பலகை தொங்கும். நான் கேட்டு வாங்கி மாட்டிய பலகை அது. அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"தம்பி, முழு இங்கிலீசும் எனக்கு வேணாம். யாவாரத்துக்கு உள்ளத மட்டும் பிரிச்சுக் குடுக்க முடியுமா?"

முடியும் என்றேன். அப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

நத்தத்தில் அக்காவுக்குப் புளிக் கொட்டகை இருந்தது. பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை நீக்குவார்கள். சுத்தம் செய்து பாக்கெட் போட்டு, பெட்டியில் அடுக்கி, சென்னை ஏஜென்ட் ஒருவருக்கு அனுப்புவார்கள். அவர் தன் குடோனில் வேறு பெட்டிக்கு மாற்றி நெதர்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கு ஏற்றுவார். அந்த வருடம் ஏஜென்ட் உடம்பு முடியாமல் தொழிலை விட்டார். போகும்போது கம்பெனிக்காரர் மார்ட்டினின் நம்பரை அக்காவிடமே கொடுத்துவிட்டார். மார்ட்டின் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் ஒரு சோதனை லோடு. அது சரியாக இருந்தால் வருடம் முழுக்க ஆர்டர். சரக்குக்குப் பொறுப்பானவரே தன்னிடம் பேச வேண்டும். இது கை நழுவினால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்.

பத்தாம் வகுப்பு வரை படித்தவர். வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வருவார். வணக்கம், நலமா என்று நான் ஆரம்பித்ததும் நிறுத்தினார்.

"அதெல்லாம் சிரிச்சே சமாளிச்சுக்கிருவேன். சண்டை வந்தா என்ன பேசுறதுன்னு சொல்லுங்க."

அதனால் எங்கள் பாடம் பின்னாலிருந்து தொடங்கியது. டிலே, டேமேஜ், ரிஜெக்ட், ரீப்ளேஸ்மென்ட். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் மார்ட்டினாக மாறிக் கத்த வேண்டும். அக்கா பதில் சொல்ல வேண்டும். மாய்ஸ்சர் என்றால் புளியின் ஈரப்பதம் என்றதும், ஈரப் புளியைத் தலையில் கட்டப் பார்த்த ஒரு வியாபாரியின் கதையைச் சொன்னார். அதன் பிறகு அந்தச் சொல் அவருக்கு மறக்கவே இல்லை. வீட்டுக்காரர் ராமர் லாரி ஓட்டுகிறவர். புளி தட்டுகிற கைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேலி செய்கிறாராம். அதே மனிதர்தான் ராத்திரிச் சாப்பாட்டின்போது மார்ட்டினாக நடிக்கிறார் என்றும் அக்காவே சொன்னார்.

ஒரு சொல்லை மட்டும் வேண்டாம் என்று தள்ளினார். காம்ப்ளிமென்டரி. காசில்லாமல், அன்பாகக் கொடுப்பது என்று விளக்கினேன். கொசுறைத்தானே சொல்றீங்க, அதைச் சொல்லிக்காட்டியா கொடுப்பாங்க என்றார். நானும் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

சித்திரையில் சோதனை லோடு கப்பல் ஏறியது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஒரு காலையில் போனை நீட்டியபடி வந்தார். மார்ட்டினின் மெயில். பெட்டிகளின் எடை பில்லோடு ஒத்துப்போகவில்லை, மொத்த லோடையும் நிறுத்தி வைத்திருக்கிறோம், நாளை பேச வேண்டும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"எடை குறையவே குறையாதே தம்பி. பெட்டிக்கு ஒரு பாக்கெட் கூடத்தான வச்சேன்."

எதற்கு வைத்தீர்கள் என்றேன். முதல் வியாபாரம் ஆயிற்றே, கொசுறு இல்லாமலா அனுப்புவது என்றார். ஏஜென்டுக்கு அனுப்பியபோதும் அப்படித்தான் வைத்தாராம். அப்போது மட்டும் ஏன் வில்லங்கம் வரவில்லை என்று இருவரும் யோசித்தோம். ஏஜென்டின் குடோனில் பெட்டி மாற்றியது நினைவுக்கு வந்தது.

"அடப்பாவி மனுசா, இம்புட்டு வருசமா என் கொசுறத் தின்னது நீதானா" என்றார். அந்தக் கவலையிலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் வகுப்பறையிலேயே போனை மேசையில் நிறுத்தி வைத்தோம். பேக்கிங் மிஸ்டேக் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். மார்ட்டின் கோபமாகப் பேசவில்லை. பில்லில் இல்லாத சரக்கு உள்ளே வந்தது எப்படி, இதை நம்பி எப்படி வருட ஆர்டர் தருவது என்று நிதானமாகக் கேட்டார். அக்கா "நோ மிஸ்டேக்" என்றார். நான் சொல்லிக் கொடுத்தது அதுவல்ல.

"எவ்ரி பாக்ஸ், ஒன் பாக்கெட் எக்ஸ்ட்ரா. மை ஹாண்ட். ஃபர்ஸ்ட் பிசினஸ்."

அடுத்த சொல் வராமல் என் பக்கம் திரும்பினார். காம்ப்ளிமென்டரி என்று மெல்லச் சொன்னேன். அதைத் திருத்தமாகச் சொன்னார். எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் பிரித்து எண்ணிப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே ஒரு பாக்கெட்தான் கூட இருக்கும் என்பதையும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தார்.

மார்ட்டின் ஆட்களை விட்டுச் சில பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. மறுபடி எடை போட்ட செலவை அக்காவின் தலையில்தான் வைத்தார், அக்காவும் மறுக்கவில்லை. இனி பில்லில் எழுதாமல் ஒரு பாக்கெட்டும் உள்ளே வரக்கூடாது என்ற எச்சரிக்கையோடு வருட ஆர்டர் வந்தது.

அந்த மெயிலை என்னிடம் காட்டிவிட்டு அக்கா கேட்டார். "எழுதுனா வரலாம்ல?"

பொன்னழகு அக்கா இப்போது நெதர்லாந்துக்கு நேரடியாகப் புளி அனுப்புகிறார். ஒவ்வொரு லோடிலும் கொசுறு தனிப் பெட்டியாகப் போகிறது. காம்ப்ளிமென்டரி என்று பில்லிலும் எழுதியிருக்கும். வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். மார்ட்டினிடம் அவரே பேசிக்கொள்கிறார்.