சானியா பாங்கு

எங்க வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்தர் லாத்தாவோட தையல் மிஷின் ஓடும். இந்தத் தெருவுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள்லேருந்து அந்தச் சத்தத்துலதான் எனக்குப் பொழுது விடியுது. முத்தியால்பேட்டையில ஒரு ஜவுளிக்கடைக்கு உள்பாவாடை தைச்சுக் கொடுக்குறாங்க. எப்பப் போனாலும் மடியில ஒரு நாடா தொங்கும், உதட்டுல ஒரு ஊசி இருக்கும். பேர் அக்தர் பேகம். எங்கள்ல அக்காவை லாத்தான்னு சொல்றது வழக்கம். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லாத குறையை அல்லா அவங்களைக் கொண்டு தீர்த்து வெச்சான்.

லாத்தாவுக்குக் கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே மாப்பிள்ளை மவுத்தாயிட்டாரு. விதவையாத் திரும்பி வந்தவங்க, தாயில்லாத தம்பி ஷஹாபுதீனை அந்த மிஷினை மிதிச்சே ஆளாக்கினாங்க. படிச்சு, பிரான்சுல வேலை கெடைச்சு, காரைக்கால் பொண்ணு பரீதாவைக் கட்டிக்கிட்டு அங்கயே இருந்துட்டாரு தம்பி. பரீதாவோட வாப்பா அந்தக் காலத்து சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு.

லாத்தாகிட்ட ஒரு குணம் உண்டு. தூங்குறவங்களை எழுப்ப மாட்டாங்க. "தூங்கும்போது மலக்குமாருங்க பக்கத்துல இருப்பாங்கடி கதீஜா, நாம போய்த் தட்டக் கூடாது"ன்னு சொல்வாங்க. மலக்குன்னா வானவர். நோம்பு மாசத்துல விடியறதுக்கு முந்தி சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பணும்னா கூட, சுவத்துல தட்ட மாட்டாங்க. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வெப்பாங்க, அவ்வளவுதான். நானா முழிச்சுக்கணும்.

சுனாமி வந்த வருஷம், அதுக்கு முந்தி, ஐப்பசி மழையில நோம்பு வந்துச்சு. அப்பத்தான் ஷஹாபுதீன் போன் பண்ணாரு. பரீதாவோட வாப்பாவுக்கு உடம்பு முடியல, லீவுக்குக் குடும்பத்தோட வர்றோம், ஆனா காரைக்கால்லதான் இருக்கணும், புதுச்சேரியில உன்கூட ஒருநாள்தான் லாத்தா, மறுநாள் காலையில வண்டி வந்துடும்னு சொன்னாரு. சொல்லிட்டு, "அந்த ஒருநாள் உன் பக்கத்துல உக்காந்து நோம்பு தொறக்கணும்"னாரு.

லாத்தாவுக்கு அது போதும். அன்னையிலேருந்து எந்தத் தொழுகையிலயும் கையேந்தி இதைத்தான் கேட்டாங்க. அத்தனை வருஷமா அவங்க தனியாவே நோம்பு தொறந்தவங்க. நான் கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. "எவனாவது வருவான்டி, வாசல்ல ஆள் இருக்கணுமில்ல"ம்பாங்க. யாரைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்.

சஹர் நேரம் முடியறதுக்குள்ள கார் வந்து சேர்ந்துச்சு. தம்பி ஒரு வாய் சோறு, ஒரு முழுங்குத் தண்ணி, "நிய்யத்து வெச்சிட்டேன் லாத்தா"ன்னு நோம்பு பிடிச்சிட்டாரு. பரீதாவுக்கு அன்னிக்கு நோம்பு இல்ல. ஏழு வயசு சானியா கார்லேருந்து இறங்கும்போதே தூக்கம். விடியக்கால சுபுஹு தொழுதுட்டு தம்பி பாயில சாஞ்சாரு.

"உடம்பு வந்து சேந்துடுச்சு லாத்தா. தூக்கம் மட்டும் இன்னும் கடல் மேல வந்துக்கிட்டிருக்கு. அங்க இன்னும் விடியவே இல்ல."

"படுடா. யாரு உன்னைத் தெரு கூட்டச் சொன்னா?"

அவ்வளவுதான். மூணு பேரும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினாங்க. லாத்தா அன்னிக்கு மிஷின் பக்கமே போகல, சத்தம் கேக்குமேன்னு. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அமைதி எனக்கே ஒருமாதிரி இருந்துச்சு. எட்டிப் பாக்கப் போனேன். குக்கர் போட்டா விசில் அடிக்கும்னு, சட்டியில கறி வேகவெச்சிக்கிட்டிருந்தாங்க.

மத்தியானத் தொழுகை லுஹர் போச்சு. தம்பி அசையல. வெளியில மழை பிடிச்சு, கரண்டும் போயி, பகல்லயே வீடு இருட்டிக்கிச்சு.

"லாத்தா, இப்படித் தூங்கினா நோம்பு தொறக்குற மஃரிபு தாண்டியும் எழுந்திரிக்க மாட்டாரு. ஒரு குரல் கொடுங்க"ன்னேன்.

"அவன் உடம்பு கேக்குதுடி."

"நீங்க ஆசைப்பட்டது?"

லாத்தா நோம்புப் பலகாரத்துக்கு வாடா தட்டிக்கிட்டிருந்தாங்க. இன்னொண்ணைத் தட்டி வெச்சிட்டு, "பக்கத்துல தூங்கிக்கிட்டாவது இருக்கானில்ல"ன்னாங்க.

சானியா மட்டும் முழிச்சிக்கிட்டு அடுப்படிக்கு வந்துச்சு. அதுக்குத் தமிழ் நல்லா புரியும், பேச்சு பாதி அந்த ஊர்ப் பேச்சு.

"மாமி, பாப்பா தோர்."

"பாப்பாவா? எந்தப் பாப்பாம்மா?" லாத்தா கையைத் துடைச்சிக்கிட்டு என்னைப் பாத்தாங்க. "கதீஜா, கைக்குழந்தை எதுவும் கொண்டு வரலியேடி!"

எனக்குச் சிரிப்பு. "அப்பாவைத்தான் அவங்க பாப்பாம்பாங்க லாத்தா. அப்பா தூங்குறாருன்னு சொல்லுது."

"நல்லா இருக்கே! நாப்பது வயசுப் பாப்பா. அதான் இப்படித் தூங்குது."

பிள்ளை கண்ணு தட்டுல இருந்த கடப்பாசி இனிப்பு மேலயே இருந்துச்சு. ரோஸ் கலர்ல, வில்லை வில்லையா நறுக்கி வெச்சிருந்தது. கேட்டா லாத்தா கொடுத்திருப்பாங்க. ஆனா அது, "நானும் நோம்பு"ன்னுச்சு. கார்ல பிஸ்கட் தின்ன நோம்பு அது. லாத்தா சிரிக்காம, "சரிம்மா, மாமியும் நோம்பு. பாங்கு சொன்னதும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து முதல்ல பேரீச்சம்பழம் வாயில போடுவோம். அப்புறம் இது உனக்கு"ன்னாங்க.

"பாங்கு... கடிகாரத்துலயா மாமி?"

"இங்க கடிகாரத்துல இல்லம்மா. பள்ளிவாசல்லேருந்து வரும். தெருவுக்கே கேக்கும்."

அவங்க ஊர்ல பாங்கு சத்தம் வெளியில வராதாம். வீட்டுக் கடிகாரத்துல மெதுவாக் கேக்குமாம். அன்னிக்குக் காலையிலயும் மத்தியானமும் சொன்ன பாங்கு எல்லாம் அதோட தூக்கத்துல போயிடுச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு பாங்கு வரும், பொழுது இறங்கினதும் சொல்ற மஃரிபு பாங்குக்குத்தான் நோம்பு தொறக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் அதுக்குச் சொல்லலை. சொல்லணும்னு தோணவும் இல்ல. எங்களுக்கு அது மூச்சு விடற மாதிரி.

லாத்தா தொழுகைக்குக் கைகால் கழுவ, ஒளு செய்ய, கொல்லைப்பக்கம் போனாங்க. நான் அடுப்புல இருந்தேன். அந்த மழையில, அந்த இருட்டுல, பொழுது இறங்கறதுக்கு முந்தின அசர் பாங்கு சொன்னாங்க.

சானியா பேரீச்சம்பழத் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. "பாப்பா! பாங்கு! பாப்பா, பாங்கு!"

நான் நிமிர்றதுக்குள்ள ஆயிடுச்சு. வாசப்படியில நின்னு பாக்குறேன், தம்பி எழுந்து உக்காந்திருக்காரு, கண்ணு மூடியிருக்கு, வாய் மெல்லுது. சொட்டச் சொட்ட ஈரக் கையோட லாத்தா ஓடிவந்தாங்க.

"டேய், துப்புடா! அசர்டா இது!"

அதுக்குள்ள தம்பி முழுங்கிட்டாரு.

பரீதா எழுந்து முகத்தைப் பொத்திக்கிட்டா. பிள்ளைக்கு என்ன தப்புன்னு தெரியல, தப்புன்னு மட்டும் தெரிஞ்சுது. தட்டைக் கீழ வெச்சிட்டு அழுதுச்சு. லாத்தா முதல்ல அதைத் தூக்கி இடுப்புல வெச்சிக்கிட்டாங்க. "நீ சரியாத்தான் செஞ்ச தங்கம். மாமிதான் பாதி சொல்லிட்டேன்"ன்னாங்க. அப்புறம் தம்பியைப் பாத்தாங்க. அப்படி ஒரு முகத்தை நான் அவங்ககிட்ட பாத்ததில்ல.

"ஷஹாபு, ஒண்ணு கேக்குறேன். எனக்காகச் சொல்லாதே, படைச்சவனுக்காகச் சொல்லு. அதை வாயில போடும்போது, பொழுது இறங்கிடுச்சு, நோம்பு தொறக்குறோம்னு நெனச்சியா? இல்ல, நோம்புன்ற நெனப்பே இல்லாம தின்னியா?"

கேள்வி சின்னதுதான். பொழுது போச்சுன்னு தப்பா நெனச்சுத் தின்னா நோம்பு முறிஞ்சது, இன்னொரு நாள் பிடிக்கணும். நோம்பு இருக்கறதையே மறந்து தின்னா, நோம்பு அப்படியே இருக்கும். சின்ன வயசுல ஓதுற பள்ளியிலயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"மறந்துட்டேன்"னு ஒரு வார்த்தை சொன்னா லாத்தா முகம் மலர்ந்துடும்னு அவருக்குத் தெரியாதா? கண்ணைத் தேய்ச்சிக்கிட்டு யோசிச்சாரு. சுவரைப் பாத்தாரு, மூலையில இருந்த மிஷினைப் பாத்தாரு.

"லாத்தா, நான் இங்க இருக்கேன்னே எனக்குத் தெரியல. அங்க என் வீட்டுல, வேலை முடிஞ்சி வந்து படுத்திருக்கேன்னு நெனச்சேன். புள்ள எப்பவும் வந்து மிட்டாய் ஊட்டும். அதுன்னுதான் வாயைத் தொறந்தேன். நோம்பு, பாங்கு எதுவும் காதுல ஏறல. நீ 'டேய்'னப்பதான் ஊருக்கே வந்தேன்."

"சத்தியமா?"

"நோம்பு வாயால சொல்றேன் லாத்தா."

"அது நோம்பு வாயான்னுதான்டா இப்பக் கேள்வியே!"

அழுதுக்கிட்டிருந்த பரீதாவே சிரிச்சிட்டா. இருந்தாலும் லாத்தாவுக்கு மனசு ஆறல. "நமக்குள்ள நாமளே தீர்ப்பு சொல்லிக்கக் கூடாது. பள்ளிக்குப் போய்த் தொழுதுட்டு இமாம் ஹஜ்ரத்தைக் கேட்டுக்கிட்டு வா"ன்னு குடையைக் கொடுத்து அனுப்பினாங்க.

அவங்களும் தொழுதாங்க. சலாம் கொடுத்துத் தொழுகையை முடிச்சதும் வாசல்ல வந்து நின்னாங்க. மழைச் சாரல் முக்காட்டை நனைக்குது, உள்ள வரல. நானும் பக்கத்துல நின்னு, யா அல்லா, இந்த மனுஷி உன்கிட்ட வேற எதுவும் கேட்டதில்லையேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தேன்.

தெருமுனையில குடை தெரிஞ்சுது. இன்னொரு கையில பள்ளிவாசல் நோம்புக் கஞ்சித் தூக்கு. தூரத்துலேயே தம்பி பல்லைக் காட்டிட்டாரு.

"மறந்து தின்னவனுக்கு அல்லாதான் ஊட்டினான்னு சொல்லிட்டாரு லாத்தா. நோம்பு உசுரோட இருக்கு. 'உன் மவ கையால ஊட்டியிருக்கான், சும்மா போ'ன்னு சிரிக்கிறாரு."

லாத்தா அங்கயே, அந்த ஈரத்துலயே நெத்தி தரையில பட சுஜூதுல விழுந்துட்டாங்க.

அதுக்கப்புறம் இருந்த வேலை, தம்பியைத் தூங்கவிடாம வெச்சிக்கிறதுதான். உக்காந்தபடியே தலை சாயும். சானியா மடியில ஏறி மூக்கைப் பிடிக்கும். நல்ல காரியத்தை அல்லா பிள்ளை கையில விட்டுட்டான், லாத்தா எழுப்ப வேண்டியதே இல்லாமப் போச்சு. அந்த நேரத்துக்கு அது போய் எழுப்பலைன்னா, தம்பி ராத்திரி இஷா வரைக்கும் தூங்கியிருப்பாரு. லாத்தா பக்கத்துல தனியா உக்காந்து ஒரு பழத்தை வாயில போட்டிருப்பாங்க.

கரண்டு வரலை. ஒரு மெழுகுவத்தி வெளிச்சம்தான். மஃரிபு பாங்கு சொன்னதும் சானியா லாத்தா முகத்தைப் பாத்துச்சு.

"இதுவா மாமி?"

"இதுதான் தங்கம். இப்ப ஓடு."

ஓட எங்க இருக்கு, எல்லாரும் ஒரே விரிப்புலதான் உக்காந்திருந்தோம். அது ஒவ்வொருத்தர் வாயிலயும் ஒரு பழம் வெச்சுது. அக்காவும் தம்பியும் ஒண்ணாக் கையேந்தினாங்க. அன்னிக்கு நானும் அந்த விரிப்புல இருந்தேன், அல்ஹம்துலில்லா.

மறுநாள் காலையில வண்டி வந்துச்சு. சானியா கையில ஒரு டப்பா கடப்பாசி.

அதுக்கப்புறம் லாத்தா நோம்பு தொறக்க எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க. நோம்பு மாசத்துல சாயங்காலம் அசர் பாங்கு சொன்னதும் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் நிக்கும்.

"கதீஜா, சானியா பாங்கு சொல்லியாச்சுடி. பழத்தை எடுத்து வை, ஆனா தின்னுடாதே."