அணிலுக்கு அரைக் கிலோ கழிவு

ஏற்காட்டில் இன்று எனக்கு ஒரு லாட்ஜ், பஜாரில் ஒரு மிளகுக் கடை, ஊர் சுற்றிக்காட்ட இரண்டு ஜீப். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கணக்கு மட்டும் யாரும் சொல்லித்தந்து வரவில்லை, கூடவே பிறந்தது. மூட்டையை ஒரு தரம் அசைத்துப் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். கால் கிலோ முன்னே பின்னே இருந்தால் கடையை எழுதித் தருகிறேன் என்று எத்தனையோ வியாபாரிகளிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். கடை இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.

லாட்ஜுக்கு வருகிறவர்கள் பலா மரத்தில் மலையணிலைப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்பார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்பேன். உடம்பு ஒன்றரைச் சாண், வால் மட்டும் இரண்டரைச் சாண். புத்தகத்தில் படித்ததில்லை. பொறாமையில் தெரிந்துகொண்டது.

எனக்கு அப்போது எட்டு வயது, அக்காவுக்குப் பத்து. மாரமங்கலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. ஒரு காற்று மழையில் காட்டோரத்து மரத்திலிருந்து கூடு சரிந்து, மலையணில் குட்டி ஒன்று கீழே கிடந்ததை அப்பா துண்டில் சுற்றி எடுத்துவந்தார். இப்போது அப்படி வளர்த்தால் வனத்துறை ஜீப் வாசலில் நிற்கும். அன்று கேட்பாரில்லை. நான்தான் முதலில் கையை நீட்டினேன். அப்பா அதை அக்காவின் மடியில் போட்டார். அக்கா சதா இருமிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவள், மடி அசையாது. அணிலுக்கு அது பிடித்துப் போயிற்று. என்னிடம் வந்தால் தோள் மேல் ஏறி மோட்டு வளைக்கு ஓடிவிடும்.

வாழைப்பழம் அதற்கு, பால் அதற்கு. அது தின்று மிச்சம் வைத்தது அக்காவுக்கு. அக்கா மிச்சம் வைத்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வயிறு எரியும் நாள். காப்பி உலர்த்தும் களத்தில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு தொங்கும். எங்கள் பக்கம் பிள்ளைகளைத் தராசில் ஏற்றமாட்டார்கள். ஒரு முறை நான் தட்டில் கால் வைத்ததற்கே அம்மா ஓடிவந்து, "எறங்கு சாமி, தராசுல ஏறுன புள்ள தேஞ்சு போயிரும்" என்று இழுத்துப் போட்டாள். ஆனால் அணில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லி, வாராவாரம் அப்பா அக்காவை மடியில் அணிலோடு தட்டில் உட்காரவைத்தார். அந்த மடியில் மட்டும்தான் அது ஓடாமல் இருக்கும் என்றார். அணிலைத்தானே நிறுக்கிறோம் என்று அம்மாவும் விட்டுவிட்டாள். அக்கா ராணி மாதிரி ஊஞ்சலாடுவாள். அப்பா மறுதட்டில் கல்லை வைத்துவிட்டு, "இருபத்தொண்ணரை. கழிவு போக இருபத்தொண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

கழிவு என்றால், மிளகு மூட்டையை நிறுத்ததும் சாக்குக்கென்று ஒரு எடையைக் கழிப்பார்கள் அல்லவா, அது. சாக்கு நனைந்ததோ காய்ந்ததோ, கழிவு ஒன்றுதான். முதல் வாரம் அணிலைக் கூடையில் போட்டுத் தனியாக நிறுத்தபோது அரைக் கிலோ இருந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அணில் கழிவு அரைக் கிலோ.

பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒரு நாள் வந்தவர் அணிலைப் பார்த்து அதிசயப்பட்டார். இது எத்தனை காலம் இருக்குமுங்க என்று அப்பா கேட்டார்.

"காட்டுல எப்படியோ. ஊட்டுல வெச்சு நல்லாப் பாத்துக்கிட்டா இருவது வருசங்கூட இருக்குமுங்க."

"இருக்கோணுமுங்க," என்றார் அப்பா, அக்காவின் தலையைத் தடவிக்கொண்டு.

நான் விரல் விட்டு எண்ணினேன். எனக்கு இருபத்தெட்டு வயதாகும்போதும் அது இந்த வீட்டில் வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கும்.

அன்றிலிருந்து, என் பங்கிலிருந்து அது எவ்வளவு தின்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். மதியத்தில் அக்கா அசந்து தூங்குவாள். நான் அணிலைக் கூடையில் போட்டு மூடி, மிளகு நிறுக்கும் சின்னத் தராசில் வைப்பேன். முக்கால் கிலோ, ஒரு கிலோ, ஒன்றேகால் என்று அது ஏறிக்கொண்டே போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு எடையும் நெஞ்சில் ஒரு முள் மாதிரி இருந்தது.

ஆறேழு மாதம் போயிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே இருபத்தொன்றரை. "கொறையலே கண்ணு, கொறையலே" என்று அப்பா அக்காவின் கன்னத்தைக் கிள்ளினார். என்னால் தாங்க முடியவில்லை. அக்கா இறங்கியதும் தட்டில் பாய்ந்து ஏறி உட்கார்ந்துகொண்டேன். அம்மா அருகில் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டே கல்லை வைத்தார். இருபதரை.

"அக்காவ உட நீ அரைக் கிலோ கம்மிதான் போ," என்றார்.

அக்கா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்யிங்கப்பா. அணிலு இப்ப ஒண்ணே முக்காலுங்க. நீங்க இன்னும் அரைதான் கழிக்கறீங்க. அக்கா பத்தொம்பதே முக்காதான். நாந்தான் கூட."

அப்பா சின்னத் தராசை எடுத்துவந்து அணிலை நிறுத்தார். ஒன்றே முக்கால். வாலை வாராவாரம் சாண் போட்டு அளந்து பெருமைப்பட்டவர்தான். எடையில் மட்டும் கை பழக்கத்தை விடவில்லை. களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்தாள். அவளிடம் அவர் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அம்மா சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய்ப் பையில் துணி அடுக்கினாள்.

ஏற்காட்டு டாக்டர் அக்காவை வாரம் ஒரு முறை எடை பார்க்கச் சொல்லி, ஒரு கிலோ குறைந்தாலும் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தாராம். அம்மா பயப்படுவாள் என்று அப்பா அணிலைச் சாக்காக வைத்து நிறுத்திருக்கிறார். இதெல்லாம் நான் கலியாணமாகிப் போன பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. நெஞ்சுச் சளி முற்றுமுன் கொண்டுவந்தீர்கள் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அக்கா நாலு மாதம் அங்கே இருந்து, கன்னத்தில் சதை வைத்துத் திரும்பிவந்தாள். இன்று பேரன் எடுத்துவிட்டாள். என் கணக்குதான் அவளைக் காப்பாற்றியது என்று சொந்தத்தில் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை, கணக்கு என்னுடையதுதானே. எந்த எண்ணத்தில் போட்ட கணக்கு என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். என்னை அத்தையிடம் விட்டார்கள். நான் சேலம் பார்த்ததே இல்லை. அக்காவுக்குச் சன்னலோரச் சீட்டு, புதுப் பாவாடை, கையில் ரொட்டிப் பொட்டலம். அணிலை எனக்கே விட்டுத் தந்திருந்தாள். அது யாருக்கு வேண்டும்.

பஸ் நகரும்போது அம்மா அக்காவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். பெரியவர்கள் பிள்ளையைக் கும்பிட்டு நான் கண்டதில்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சன்னல் சீட்டு கிடைக்காத கோபத்தில், அந்தப் பஸ்ஸுக்கு நான் கையைக் கூட ஆட்டவில்லை.