இழை அறுந்துச்சா?

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. ஆரணியில் எங்கள் தெருவை ஒட்டிய கல்யாண மண்டபம்.

என் மகள் சென்னையில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே, நண்பர்களோடு சேர்ந்து பொம்மலாட்டம் நடத்துகிறாள். குழந்தைகளுக்கானது இல்லை. பாட்டும் கிண்டலுமாக, வயது வந்தவர்கள் பார்க்கிற நாடகம். அதை நம் ஊரிலும் போடப்போகிறோம் என்று சொல்லி, நோட்டீஸ் அடிக்க வேண்டியதை எனக்கு அனுப்பினாள். அதில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று இருந்தது. ஒருமாதிரியான சினிமா போஸ்டரில் பார்க்கிற வாசகம். எனக்குக் கூசியது. அச்சகத்தில் உட்கார்ந்தபடி, அவளைக் கேட்காமலே, 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று மாற்றிவிட்டேன். படிக்கக் கௌரவமாகத்தான் இருந்தது.

அன்று மண்டபத்துக்குள் போனால், ஊரில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் விபூதியும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்தி நாடகம் என்று நினைத்து ஓர் அம்மா தேங்காய் பழத்தோடு வந்திருந்தார். அதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையில் போளூர்க்காரர்!

இரண்டு வாரம் முன்பு தன் மகனுக்காக என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர் அவர். எங்களுக்கும், முக்கியமாக என் மகளுக்கும், மிகவும் பிடித்துப்போன இடம். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போயிருந்தார். பொம்மலாட்டத்தைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. கடைவீதியில் நோட்டீஸைப் பார்த்தாராம்.

"பெரியவங்களுக்குன்னு போட்டுகீது, நம்மளத்தானே கூப்புட்றாங்கன்னு வந்துட்டேன் சார்" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். வேறு வழி?

திரை விலகியது. கழிவுப் பட்டு நூலில் தலைமுடி வைத்த இரண்டு பொம்மைகள். புதிதாகக் கல்யாணமான நெசவுக்காரப் புருஷனும் பெண்டாட்டியும். வீட்டுக்குள் தறி 'டக் டக்' என்று ஓடுகிறவரை தெரு நிம்மதியாக இருக்கும். இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார்கள்தான்; ஆனாலும் பட்டப்பகலில் அந்தச் சத்தம் நின்றால் போச்சு. பக்கத்து வீட்டுப் பொம்மை ஜன்னலில் தலையை நீட்டி, "இழை அறுந்துச்சா?" என்று ராகம் போட்டுக் கேட்கும். பிறகு எதிர்வீடு, அப்புறம் கோடிவீடு. உள்ளேயிருந்து பெண் பொம்மை, "ஆமாங்க, முடிச்சு போட்டுகினுகீறோம்" என்று பாடும். அது என் மகளின் குரல்.

சென்னையில் இந்த இடத்தில் லேசாகத்தான் சிரிப்பார்களாம். தறி நின்றால் தெருவுக்கே தெரிகிற ஊர் இல்லையே அது. இங்கே சத்தம் நின்ற மாத்திரத்தில், பொம்மை வாயைத் திறப்பதற்கு முன்பே மண்டபம் குலுங்கியது. தேங்காய் கொண்டுவந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை தறி நின்றபோது, போளூர்க்காரர் சட்டென்று எழுந்தார். துண்டால் வாயை மூடிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார். சம்பந்தம் போயே போய்விட்டது என்று பின்னாலேயே ஓடினேன். கை கழுவுகிற குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். தோள் குலுங்கியது. மன்னித்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகள், விளையாட்டாக ஏதோ செய்துவிட்டார்கள் என்று உளறினேன்.

திரும்பினார். கையில் பல் செட்டு.

"சிரிச்சி சிரிச்சி கயண்டுகிச்சு சார்" என்றார் பொக்கை வாயோடு. கழுவி மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த பொம்மைக்குப் பாடுறது நம்ம பொண்ணுதானே? அன்னிக்கி வந்தப்ப வாயே தொறக்கல. நீங்க தொறக்க உட்டாத்தானே!"

நம்ம பொண்ணு என்கிறாரே என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஜல்தி வாங்க சார். அடுத்த இழை அறுந்துடப் போவுது."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இப்போதும் மகளுக்குப் போன் போட்டு அவள் எடுக்காவிட்டால் நான் பதறுகிறேன். "இழை அறுந்திருக்கும், விடுங்க" என்று என் மனைவி சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரிக்கும்போதெல்லாம், பெரியவர்களுக்கு மட்டும் என்று நானே எழுதி வைத்த அந்த மண்டபத்தில், அன்று பெரியவனாகாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான் என்பது உறைக்கிறது.